ஆராயாத நீதி

ஆண்டுக்கு ஒரே நாள், சித்திரை முழுநிலவன்று, மங்கலதேவி கண்ணகி கோயிலுக்குச் செல்லும் வழி பக்தர்களுக்குத் திறக்கப்படுகிறது. கேரளத்தின் இடுக்கி மாவட்ட நிர்வாகமும் தமிழ்நாட்டின் தேனி மாவட்ட நிர்வாகமும் சேர்ந்தே அந்த நாளை நடத்துகின்றன. குமுளியிலிருந்து ஜீப்பிலும், பளியன்குடியிலிருந்து நடந்தும் மலையேறுகிறவர்கள் வணங்குவது, அநீதி இழைக்கப்பட்ட ஒரு பெண்ணை.

அந்தக் கண்ணகியின் கதையில் பாண்டிய மன்னன் செய்த குற்றம் எது? அவள் கணவன் கோவலன்மீது அவனுக்குப் பகையில்லை. களவு போன சிலம்பு கிடைத்துவிட்டது என்று பொற்கொல்லன் சொன்னான், மன்னன் நம்பினான், ஆராயவில்லை. அந்த ஆராயாமைதான் ஓர் உயிரையும், பின்னர் ஒரு நகரையும் பலிகொண்டது. நீதியின் முதல் கடமை தண்டிப்பதல்ல, ஆராய்வது என்பதைத் தமிழ் மரபு இந்த ஒரு கதையிலேயே நிலைநாட்டிவிட்டது.

அதே கேரளத்தில், தமிழ்நாட்டை ஒட்டிக் கிடக்கும் பாலக்காடு மாவட்டத்தின் அட்டப்பாடியில், 2018 பிப்ரவரி 22 அன்று மது என்ற பழங்குடி இளைஞர் அடித்துக் கொல்லப்பட்டார். மனநலம் பாதிக்கப்பட்டு, வீட்டைவிட்டு விலகிக் காட்டுக் குகைகளில் வாழ்ந்தவர் அவர். கடையில் அரிசி திருடினார் என்று சொல்லி ஒரு கூட்டம் காட்டுக்குள் போய் அவரைப் பிடித்தது, கையைக் கட்டி முக்காலி என்ற ஊர் வரை நடத்திவந்தது, அடித்தது, அந்த நிலையிலேயே அவரோடு செல்ஃபியும் எடுத்துக்கொண்டது. பிறகு போலீசிடம் ஒப்படைத்தது. மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் வழியில் அவர் இறந்தார். வழக்கில் இருபதுக்கும் மேற்பட்ட சாட்சிகள் பிறழ்ந்தார்கள். அப்படியும் 2023 ஏப்ரலில் மண்ணார்க்காடு சிறப்பு நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்ட 16 பேரில் 14 பேரைக் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது. 13 பேருக்கு ஏழாண்டுக் கடுங்காவல் விதித்தது.

கொன்றவர்களின் குற்றத்தை நீதிமன்றம் ஆராய்ந்துவிட்டது. மதுவின்மீது சுமத்தப்பட்ட களவை ஆராய எவருக்கும் வாய்ப்பே இல்லாமல் போனது. அவர் உயிரோடு நீதிமன்றம் வந்திருந்தால் சட்டம் என்ன கேட்டிருக்க வேண்டும்? மனம் பிறழ்ந்த நிலையில் ஒருவர் செய்த செயலுக்கு அவரைப் பொறுப்பாக்குவது அறமா?

சட்டம் இதற்கு விடை வைத்திருக்கிறது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 84ஆம் பிரிவும், 2024 ஜூலை முதல் அதன் இடத்துக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 22ஆம் பிரிவும் சொல்வது ஒன்றே. செய்யும் நேரத்தில் மனநலக் குலைவால் செயலின் தன்மையையோ, அது தவறு என்பதையோ அறிய முடியாதவர் செய்தது குற்றமாகாது. இது 1843இல் இங்கிலாந்தில் மெக்நாட்டன் வழக்கை ஒட்டி வகுக்கப்பட்ட விதிகளிலிருந்து வந்தது. இத்தோடு வேறொரு கேள்வியும் உண்டு. தன்மீதான வழக்கைப் புரிந்துகொண்டு தன் தரப்பைச் சொல்லும் நிலையில் அவர் இன்று இருக்கிறாரா என்பது அது. முதல் கேள்வி அன்றைய மனத்தைப் பற்றியது. இரண்டாவது இன்றைய மனத்தைப் பற்றியது. இவ்விரண்டையும் ஆராய்ந்து நீதிமன்றத்துக்குச் சொல்வதே தடயவியல் மனநல மருத்துவத்தின் வேலை.

இந்தச் சட்ட விலக்குக்கு ஒரு மறுப்பு உண்டு. அதை லேசாக ஒதுக்கிவிட முடியாது. மனம் பிறழ்ந்த ஒருவரால் வெட்டுப்பட்டு இறந்தவரின் வீட்டிலும் ஒரு தாய் அழுகிறாள். “பைத்தியம் என்று ஒரு சீட்டு வாங்கினால் தப்பிவிடலாமா?” என்று அவள் கேட்பது நியாயமான கேள்வி. கண்ணகி கேட்டதும் நீதியைத்தான். ஆனால் சட்டம் வெறும் சீட்டைப் பார்த்து யாரையும் விடுவதில்லை. மருத்துவர் கண்ட நோய் வேறு, சட்டம் ஏற்கும் மனப்பிறழ்வு வேறு என்று உச்ச நீதிமன்றம் பலமுறை சொல்லியிருக்கிறது. செயல் நடந்த நேரத்தில் மனம் அந்த அளவுக்குக் குலைந்திருந்தது என்று காட்டும் சுமை குற்றம் சாட்டப்பட்டவர்மீதே இருக்கிறது. தன்னைத் தானே அறியாத ஒருவர் தன் நோயைத் தானே நிறுவ வேண்டும்! அந்தத் தாய்க்கு அறம் தரவேண்டியது உண்மையை. என்ன நடந்தது, ஏன் நடந்தது, இனி நடக்காமலிருக்க என்ன ஏற்பாடு என்ற முழு விடையை. நோயாளியைச் சிறையில் வைத்து மேலும் குலையவிடுவது அவளுக்குக் கிடைக்கும் நீதியாகாது.

இரு மாநில எல்லைப்புறத்தில் இந்தச் சுமை இன்னும் கனக்கிறது. செயலுக்கு முன்பே சிகிச்சை பெற்றதற்கான பதிவுதான் இத்தகைய வழக்குகளில் பெரும் சான்று. இடுக்கியின் பீர்மேடு, உடும்பன்சோலைப் பக்கத்துத் தோட்டத் தொழிலாளி தேனி அரசு மருத்துவமனைக்குப் போயிருப்பார். பாலக்காட்டின் அட்டப்பாடி, சித்தூர்ப் பக்கத்தவர் கோயம்புத்தூருக்குப் போயிருப்பார். வழக்கோ கேரளத்தில் நடக்கும். ஒருவரைக் காக்கக்கூடிய அந்த ஓபி சீட்டு சோதனைச்சாவடிக்கு அப்பால் கிடக்கும். அதைத் தேடி எடுத்துவர வசதியுள்ள உறவினர் இருந்தால் ஒரு நீதி, இல்லாவிட்டால் வேறொரு நீதி என்பதை எந்த அறமும் ஏற்காது.

மொழியும் அப்படித்தான். கேரள அரசின் மனநல மையங்கள் திருவனந்தபுரம், திருச்சூர், கோழிக்கோடு ஆகிய மூன்று ஊர்களில் இருக்கின்றன. இடுக்கியிலோ பாலக்காட்டிலோ இல்லை. தேவிகுளத்துத் தேயிலைத் தோட்டத்தில் தமிழ் மட்டுமே பேசி வளர்ந்தவரும், அட்டப்பாடியில் இருளர் மொழியோ முடுகர் மொழியோ பேசுகிறவரும் பரிசோதனைக்காக மலையிறங்கி, மலையாளம் பேசும் மருத்துவர்முன் உட்கார வேண்டும். மனநலப் பரிசோதனையில் இரத்தமோ எக்ஸ்ரேயோ விடை சொல்வதில்லை, பேச்சுதான் சான்று. “சாமி வந்து சொன்னுச்சு” என்று ஒருவர் சொன்னால், அது அவர் ஊரே நம்பும் அருள்வாக்கா, அவர் காதில் மட்டும் ஒலித்த குரலா? “எனக்கு வச்சுட்டாங்க” என்றால், செய்வினை குறித்த ஊர் வழக்கா, ஆதாரமற்ற சந்தேக நோயா? சொல்லையும் ஊரையும் அறிந்தவரே இவற்றைப் பிரித்தறிய முடியும். பேச்சைப் புரிந்துகொள்ளாமல் எழுதிய அறிக்கை எத்தனை பக்கம் இருந்தாலும் ஆராயாமையின் மறுவடிவமே.

ஆராய்ச்சி முடிவில்லாமல் நீண்டாலும் அதுவும் கொடுமைதான். அசாமைச் சேர்ந்த மச்சல் லாலுங் 1951இல் கைதாகி, தேஜ்பூர் மனநல மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டார். அவர் தேறிவிட்டார் என்று 1967இல் மருத்துவர்கள் எழுதிக் கொடுத்தார்கள். அவரை விசாரணைக்குக் கொண்டுவர வேண்டியவர்கள் மறந்தார்கள். அவர் சிறைக்கு மாற்றப்பட்டார். 2005இல், தேசிய மனித உரிமை ஆணையம் தலையிட்ட பிறகு, ஒரு ரூபாய்ப் பிணையில் வெளியே வந்தார். விசாரணையே நடக்காமல் 54 ஆண்டுகள்! அவரை எவரும் தண்டிக்கவில்லை. ‘சிகிச்சை’ என்ற பெயரில் உள்ளே வைத்தவர்கள் ஒரு தேதியை மட்டும் குறிக்கவில்லை. தண்டனைக்காவது முடிவுநாள் உண்டு. கவனிப்பாரற்ற கருணைக்கு அதுவும் இல்லை.

சிறைகளிலும் இந்தத் துயரம் மறைந்து கிடக்கிறது. பெங்களூரு மத்தியச் சிறையில் நிம்ஹான்ஸ் மனநல நிறுவன மருத்துவர்கள் 5,024 கைதிகளிடம் நடத்தி 2011இல் வெளியிட்ட ஆய்வில், போதைப் பழக்கத்தைக் கணக்கில் எடுக்காமலேயே நான்கில் ஒருவருக்கு மேல் மனநோய் இருந்தது. ஒவ்வொரு மாநிலத்திலும் குறைந்தது ஒரு சிறையின் மருத்துவப் பிரிவிலாவது மனநல மருத்துவ அமைப்பு இருக்க வேண்டும் என்று 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 103ஆம் பிரிவு சொல்கிறது. ஏர்வாடி மனநலக் காப்பகத்தில் 2001 ஆகஸ்ட் 6 அன்று சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் தீயில் கருகிய பிறகு, சங்கிலியை அறவே விலக்கியதும் இதே சட்டம். சங்கிலியைப் பார்த்து நடுங்குகிற நாம், பூட்டிய வார்டுக்குள் நழுவிப்போகும் ஆண்டுகளைப் பார்த்தும் நடுங்க வேண்டும்.

பரிசோதிக்கும் மருத்துவரின் தோளில் இரண்டு கடமைகள் இருக்கின்றன. நோயாளியைக் காப்பது ஒன்று. நீதிமன்றத்துக்கு உண்மை சொல்வது மற்றொன்று. இரண்டும் மோதும் இடம் உண்டு. வெள்ளைக் கோட்டைக் கண்டதும் மனம் திறந்து பேசுகிறவர், அந்தப் பேச்சு தனக்கு எதிராகவே அறிக்கையில் ஏறும் என்பதை அறியமாட்டார். ஆகவே, “நீங்கள் சொல்வது நீதிபதிக்குப் போகும்” என்று முதலிலேயே, அவருக்குப் புரியும் மொழியில் சொல்லிவிட வேண்டும். முடிந்தால், சிகிச்சை தருகிறவர் வேறு, அறிக்கை எழுதுகிறவர் வேறு என்று பிரித்துவிடுவதே நேர்மை.

எடைபோட்டுப் பார்த்தால் தீர்ப்பு இதுதான். மனம் பிறழ்ந்தவரைத் தண்டிப்பது அறமல்ல. அவரால் பிறருக்குத் தீங்கு நேராமல் காப்பது அறம். காப்பதன் பெயரால் அவரை மறந்துவிடுவது தண்டிப்பதைவிடக் கொடிது. கேரளத்தின் எல்லா மாவட்டங்களிலும் மாவட்ட மனநலத் திட்டம் இயங்குகிறது. அந்தக் குழுவே தேவிகுளத்துக்கும் அட்டப்பாடியின் அகளிக்கும் வந்து, உள்ளூர் மொழிபெயர்ப்பாளரோடு பரிசோதிக்கலாம். சிகிச்சைப் பதிவுகளை இரு மாநில மருத்துவமனைகளும் தாமதமின்றிப் பகிரலாம். காவலில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் மறுஆய்வுத் தேதியை நீதிமன்றம் எழுத்தில் குறிக்கலாம். தேறியவரை ஏற்க அவர் வீட்டையும் ஊரையும் முன்கூட்டியே தயார் செய்யலாம். இவற்றில் எதற்கும் புதிய சட்டம் வேண்டியதில்லை.

அடுத்த சித்திரை முழுநிலவிலும் இரு மாநில மக்கள் மங்கலதேவி மலை ஏறுவார்கள். அங்கே கண்ணகியை வணங்குகிறவர்கள், நம்மிடையே குற்றம் சாட்டப்பட்டு நிற்கும் மனம் கலங்கிய எளியவரை, அவர் மொழியில், உரிய காலத்துக்குள் ஆராய வேண்டும் என்று கேட்க வேண்டும். அவளுக்கு நாம் செலுத்தவேண்டிய வழிபாடு அதுவே.