ஒற்றையடிப் பாதை உணர்த்தும் அறம்

மனிதர் செய்யும் பெரும் பிழைகளுக்குப் பெயர் உண்டு; தடுக்கச் சட்டம் உண்டு; மீறினார்க்குத் தண்டனையும் உண்டு. பெயரற்ற பிழைகளும் சில உள. "நான் ஒருவன் செய்வதால் என்ன குறைந்துவிடும்?" என்ற எண்ணத்தில் பிறப்பவை அவை. அழிவு கண்முன் நிற்கும். அழித்தவர் யாரெனச் சுட்டிக்காட்ட ஒருவரும் அகப்படார். இத்தகைய பிழையைப் பற்றி ஆழ்ந்து எண்ணுமாறு எங்களைத் தூண்டியது ஒரு மலைவழி.

புணேயில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் சில, புரட்டாசி மாதத்தில் ஒரு நாள் காஸ் பீடபூமிக்குச் சென்றோம். சதாரா நகருக்கு மேற்கே ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தொலைவில், கடல் மட்டத்திற்கு மேல் சுமார் 1,200 மீட்டர் உயரத்தில், மேசைபோலப் பரந்து கிடக்கும் நிலம் அது. கோடையில் காண்பார்க்கு வெறும் பாறை. மழையில் நனைந்தபின்னோ கண்ணுக்கெட்டிய தொலைவும் பூக்கள். 850க்கும் மேற்பட்ட பூக்கும் தாவர வகைகள் அங்கு உள்ளன என்பர் தாவர நூலார். மேற்குத் தொடர்ச்சி மலையின் 39 இடங்களை யுனெஸ்கோ 2012ஆம் ஆண்டில் உலக மரபுச் செல்வமாக ஏற்றபோது, காஸும் அவற்றுள் ஒன்றாயிற்று.

அந்நிலத்தின் வளம் வியப்புக்குரியது. வறுமையோ அதனினும் வியப்புக்குரியது. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் பரவி உறைந்த எரிமலைக் குழம்பே அடிப்பாறை. அதன்மேல் செம்புரைக்கல் ஓடு. அவ்வோட்டின் மேல் மெல்லிய மண். பல இடங்களில் அம்மண் சில விரற்கடை அளவே இருக்கும். சத்துக் குறைந்த அம்மண்ணில் உயிர் வாழ வேண்டிச் சில செடிகள் பூச்சியுண்ணவும் கற்றுக்கொண்டன. மராத்தியர் 'சீதையின் கண்ணீர்' எனப் பெயரிட்ட நீலப்பூச் செடி, ஈரமண்ணுக்குள் நுண்ணிய பைகளை வைத்துச் சிற்றுயிர்களைப் பிடிக்கின்றது. அப்பூவைக் கண்டு உருகுவோர், மண்ணுக்குள் அது நடத்தும் வாழ்க்கைப் போராட்டத்தை அறிவதில்லை.

அங்குள்ள செடிகளுள் பல ஓராண்டுச் செடிகள். மழையில் முளைத்து, பூத்து, விதை உதிர்த்து மடிவன. விதை முற்றுமுன் மிதிபட்டால் அவ்வாண்டின் பூ மட்டுமா போகும்? அடுத்த ஆண்டின் செடியும் போகும். சரிவுகளில் வளரும் கார்வி, நம் நீலகிரிக் குறிஞ்சியின் இனத்தது. குறிஞ்சி 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை பூப்பதுபோல், கார்வி 8 ஆண்டுகளுக்கு ஒருமுறை பூத்து, விதையிட்டு மடியும். ஏழாம் ஆண்டில் முறிந்த கார்வி, வாழ்நாளில் ஒருமுறையேனும் பூக்காமலே மறைகின்றது.

சதாராவையும் மகாபலேசுவரத்தையும் இணைத்த பழைய ராஜமார்க்கத்தின் வழியே குமுதினி ஏரியை நோக்கி நடந்தோம். வழியில் எங்கள் குழுவைச் சேர்ந்த சிறுமி ஒருத்தி பாதையை விட்டிறங்கிப் பூக்களின் நடுவே நின்றாள். அங்கு நில் என்று சொன்னவர்கள் நாங்களே, ஒரு நிழற்படத்திற்காக. அருகிலிருந்த சிற்றூர்க் காவலர், குரலை உயர்த்தாமல், "குழந்தாய், வழியில் நின்று பார், பூ எங்கும் ஓடிவிடாது" என்று மராத்தியில் சொன்னார். அவள் வந்துவிட்டாள். ஆனால் திரும்பும் வழியெல்லாம் எங்களைக் கேட்டுக்கொண்டே வந்தாள்: "நான் ஒருத்திதானே? ஓர் அடிதானே வைத்தேன்?"

எளிய கேள்விபோல் தோன்றினும் எளிதில் விடை கூற இயலாத கேள்வி அது. உண்மையில், அவளுடைய ஓர் அடியால் காஸ் அழிந்துவிடாது. அவள் அந்த அடியை வைக்காதிருந்தாலும், பிறர் வைக்கும் அடிகள் நின்றுவிடப்போவதில்லை. அங்ஙனமாயின் பிழை எங்கே இருக்கின்றது?

"எறும்பு ஊரக் கல்லும் தேயும்" என்பது நம் பழமொழி. விடாமுயற்சியின் பெருமைக்கே அதனைச் சொல்லிப் பழகியுள்ளோம். அப்பழமொழியைக் கல்லின் பக்கம் நின்று நாம் எண்ணிப் பார்த்ததில்லை. கல்லைத் தேய்த்த எறும்பு எது? எந்த எறும்பைக் கேட்டாலும், "என் ஒரு நடையால் தேய்ந்ததா?" என்றுதான் கேட்கும். ஒவ்வோர் எறும்பும் உண்மையே பேசும். கல்லோ தேய்ந்திருக்கும்.

பூக்காலத்தில் காஸுக்கு வருவோர் நாளொன்றுக்கு 3,000 பேர் என வரம்பு வகுக்கப்பட்டது. நாம் இறங்கியதைப் பின்னே வருபவர் காண்கின்றார். அவருக்கு நம் அடி ஓர் அழைப்பு. மிதிபட்ட மண் இறுகும், நீர் உள்ளே இறங்காது, விதை வேர்கொள்ளாது, அங்கே புதிய தடமொன்று பிறக்கும். நமக்கென எடுத்துக்கொள்ளும் சலுகையை அந்த 3,000 பேருக்கும் வழங்க நம் மனம் ஒப்புமா? ஒப்பாதெனில், அச்சலுகை நமக்கு மட்டும் எங்ஙனம் உரியதாயிற்று? பிழை மிதித்த காலில் மட்டும் இல்லை. 'பிறர் அடக்கமாய் இருப்பர், நான் மட்டும் விலக்கு' என்று எண்ணிய நெஞ்சில் இருக்கின்றது.

பாதையும் குற்றமற்ற இடம் என்று கொள்ளுதல் வேண்டா. அங்கும் ஒரு காலத்தில் புல் முளைத்திருக்கும். சிறிதும் தீங்கு செய்யாமல் இவ்வுலகில் நடத்தல் யார்க்கும் இயலாது. ஆதலால், செய்யும் தீங்கை ஓர் ஒடுங்கிய கோட்டுக்குள் அடக்கி, எஞ்சிய நிலத்தைப் பிழைக்க விடுகின்றோம். அக்கோட்டிற்கே ஒற்றையடிப் பாதை என்று பெயர். காஸில் ஒரு காலத்தில் இரும்பு வேலி எழுப்பினார்கள். பின்னர் அதனை அகற்றினார்கள். வேலியில்லாத இடத்தில் அந்தக் கோடு நடப்பவர் நெஞ்சில்தான் இருத்தல் வேண்டும். தலைமுறை தலைமுறையாக அங்கே ஆடுமாடு மேய்த்த ஊரார்தாம் இன்று அப்பூக்களுக்குக் காவல் நிற்கின்றனர். ஒரு நாள் விருந்தினராகச் செல்லும் நாம், அவர்களுடைய அடக்கத்தின் பயனை நுகர்கின்றோம்.

இக்கேள்வி மலையோடு நிற்பதில்லை. வெளியூரில் வாழும் நம் வீட்டு வாயிலுக்கும் வருகின்றது. "என் ஒரு பிள்ளை தமிழ் படிக்காவிட்டால் தமிழ் அழிந்துவிடுமா?" என்று நம்மில் பலர் கேட்டிருக்கின்றோம். "நான் ஒருவன் இவ்வூர் மொழியைக் கற்காவிட்டால் என்ன?" என்றும் கேட்டிருக்கின்றோம். அச்சிறுமி கேட்ட கேள்வியே இது, வயதுதான் கூடியிருக்கின்றது. ஒரு வீட்டால் மொழி அழிவதில்லை என்பது உண்மையே. ஆனால் ஒவ்வொரு வீடும் இவ்வுண்மையைச் சொல்லிக்கொண்டு வாளாவிருந்தால், ஒரு தலைமுறைக்குப்பின் பாட்டியும் பேத்தியும் பேச்சற்று எதிரெதிரே அமர்ந்திருப்பர். அழித்தவர் எவரென அப்போதும் சுட்ட இயலாது.

பலர் கால் பட்டுப் பூநிலம் பாழாகும். எவர் காலும் படாவிடின் பாதை புல் மூடி மறையும். நிலத்தைக் கெடுப்பதும் வழியைக் காப்பதும் அதே காலடிகளே. எங்கே அடி வைக்கலாகாது என்பதையும், எங்கே அடி வைக்காமல் இருத்தலாகாது என்பதையும் அறிதலே அறம்.

அந்தி சாயும் வேளையில் ஒருவர்பின் ஒருவராய்த் திரும்பினோம். முன்னே சென்றவர் காலடிச் சுவட்டில் தன் சிறு காலைப் பொருத்தி வைத்தபடியே அச்சிறுமி நடந்து வந்தாள். அவள் கேள்விக்கு அன்று நாங்கள் விடை கூறவில்லை. ஆயினும் அவள் பார்த்து நடந்தது எங்கள் அடிகளைத்தான் என்பதை அப்போது உணர்ந்தோம். எந்த அடியும் தனி அடி அன்று.