கடன் யார் கணக்கில்?

அமெரிக்க நாட்டிலே இரு பெருங்கட்சிகள். ஒன்றுக்குக் கழுதை சின்னம்; மற்றொன்றுக்கு யானை. கழுதைச் சின்னத்து ஜனநாயகக் கட்சியினர் ஊதாரிகள், யானைச் சின்னத்துக் குடியரசுக் கட்சியினர் சிக்கனத்தின் காவலர்கள்! அந்நாட்டு மேடைகளில் நெடுநாளாகப் பாடப்பட்டு வரும் பல்லவி இது. கேட்டோர் நம்பினர், நம்பியோர் தம் பிள்ளைகளுக்கும் சொல்லி வைத்தனர். சோதிக்கப்படாத நம்பிக்கை கோயிலிலே குடியிருந்தால் என்ன, அரசியல் மேடையிலே கொலுவிருந்தால் என்ன? பகுத்தறிவாளர் பார்வையில் இரண்டும் ஒன்றே. பல்லவியை ஒதுக்கிவிட்டுக் கணக்கேட்டைப் புரட்டுவோம், வாரீர்!

1981-இல் ரீகன் அதிபரானபோது நடுவணரசின் கடன் ஒரு லட்சம் கோடி டாலருக்குச் சற்றுக் குறைவு. 1989-இல் அவர் விடைபெற்றபோது அது ஏறத்தாழ மூன்று மடங்கு. அவர் யானைக் கட்சியினர்! 1998 முதல் 2000 வரை மூன்று நிதியாண்டுகளிலும் செலவுபோக வரவிலே மிச்சம் விழுந்தது. அப்போதைய அதிபர் கிளிண்டன் கழுதைக் கட்சியினர்! பின்னர் புஷ் ஆண்ட எட்டாண்டுகளில் கடன் 5.7 லட்சம் கோடியிலிருந்து 10.6 லட்சம் கோடியாயிற்று. ஒபாமா காலத்தில் 19.9, டிரம்ப்பின் முதல் நான்காண்டில் 27.7, 2025 ஜனவரியில் பைடன் வெளியேறியபோது 36 லட்சம் கோடிக்கும் மேல். பல்லவி ஒருபுறம் போகிறது. ஏடு மறுபுறம் போகிறது.

"அப்படியானால் யானைதான் ஊதாரி, கழுதையே சிக்கனம்" என்று சிலர் துள்ளியெழக் கூடும். பொறுத்திடுக! ஒரு மூடநம்பிக்கையைத் தலைகீழாகப் பிடித்தால் பகுத்தறிவு ஆகிவிடாது. பணப்பையின் கயிறு அந்நாட்டில் அதிபர் கையில் மட்டும் இல்லை. காங்கிரஸ் சபையின் கையில் இருக்கிறது. கிளிண்டன் காலத்து மிச்சத்தின்போது அச்சபையில் பெரும்பான்மை பெற்றிருந்தது எதிர்க்கட்சி. 1993-இல் உயர்த்தப்பட்ட வரியும், அன்று செழித்த தொழில் வளமும் அம்மிச்சத்துக்குத் துணை நின்றன. ஒபாமா பதவியேற்றது 2009 ஜனவரியில்; பெரும் பற்றாக்குறை கண்ட அந்த நிதியாண்டோ 2008 அக்டோபரிலேயே தொடங்கிவிட்டது. 2020-இல் கொள்ளைநோய் நாட்டை முடக்கியபோது இரு கட்சியினரும் கூடியே பெருந்தொகையை ஒதுக்கினர். பற்றாக்குறை 3.1 லட்சம் கோடி! இவற்றையெல்லாம் ஒரு மனிதரின் பெயரில் பற்று எழுதுவது கணக்கும் அன்று, நீதியும் அன்று.

பின், நாம் கேட்க வேண்டிய கேள்விதான் யாது? "எவ்வளவு கடன்?" என்பது கணக்கரின் கேள்வி. "எதற்காக? யார் அடைப்பது?" என்பவை அறத்தின் கேள்விகள்.

1789-இல் ஜெபர்சன் தம் நண்பர் மேடிசனுக்கு ஒரு மடல் வரைந்தார். உலகம் உயிரோடிருப்போருக்கு உரியது. ஒரு தலைமுறை தன் கடனை மறு தலைமுறையின் தலையில் ஏற்றலாகாது. எந்தக் கடனும் 19 ஆண்டுகளுக்கு மேல் பிணிக்கலாகாது என்பது அவர் கருத்து. அரிய கருத்து! ஆனால் 1803-இல், அதிபராக இருந்த அதே ஜெபர்சன், லூசியானா நிலப்பரப்பை ஒன்றரைக் கோடி டாலருக்கு வாங்கினார். பெரும்பகுதிக்குக் கடன் பத்திரமே கொடுத்தார். நாடு ஏறத்தாழ இருமடங்காக விரிந்தது. அந்நிலத்தில் வாழ்ந்த பழங்குடி மக்களின் ஒப்புதலை மட்டும் எவரும் கேட்கவில்லை. கடனின் பயன் ஒருவருக்கு, சுமை வேறொருவருக்கு என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

எனினும், கடன் என்றாலே பாவம் என்று ஓலமிடவும் வேண்டுவதில்லை. பாசிச வெறியை முறியடிக்க நடத்திய போரின் முடிவில், 1946-இல், அந்நாட்டரசு பத்திரம் விற்றுப் பெற்ற கடன் ஓராண்டு மொத்த உற்பத்தியையே விஞ்சி நின்றது. 1970-களின் நடுவிலோ அது நான்கில் ஒரு பங்களவுக்கு இறங்கிற்று. இடைக்காலத்தில் இரு கட்சி அதிபர்களும் ஆண்டனர். உற்பத்தி பெருகிற்று, விலைவாசி ஏற்றமும் கடனின் எடையைக் கரைத்தது, பெருஞ்செல்வரின் மேல்வரம்பு வருமானத்துக்கு 1950-களில் 91 விழுக்காடு வரி இருந்தது. 1956-இல் நாடளாவிய நெடுஞ்சாலைகளுக்குத் திட்டமிட்ட ஐசன்ஹோவர் அரசு, எரிபொருள் வரியையும் உயர்த்திற்று. செலவும் செய்தனர், விலையையும் வெளிப்படையாகக் கேட்டனர்.

2001-இலும் 2003-இலும் நடந்ததென்ன? ஆப்கானிஸ்தானிலும் ஈராக்கிலும் போர், உள்நாட்டிலோ வரிக்குறைப்பு! போருக்கு ஆணையிட்டோர் ஒரு தலைமுறை. பொருள் தர வேண்டியோர் மறு தலைமுறை. 2024-இல் வட்டிக்கு மட்டும் 88,000 கோடி டாலர் அளவில் சென்றது. பாதுகாப்புச் செலவையும் அது மிஞ்சிற்று. வாக்குரிமை பெறாத சிறுவன் மீது கையெழுத்துக் கேளாமல் ஏற்றப்பட்ட சுமையன்றோ இது!

அரசியல்வாதியின் நாவோ இருக்கைக்கு ஏற்பப் புரள்கிறது. 2006-இல் கடன் வரம்பை உயர்த்தக் கூடாதென வாக்களித்த செனட்டர் ஒபாமா, 2011-இல் அதிபராக நின்று உயர்த்துமாறு வேண்டினார். அப்போது முட்டுக்கட்டையிட்ட குடியரசுக் கட்சியினர், டிரம்ப் காலத்தில் தயக்கமின்றி வழிவிட்டனர். எதிர்வரிசையில் கடன் கொடுநோய். ஆளும் வரிசையில் அதுவே அருமருந்து!

தோழர்களே! எந்நாட்டுக் கணக்கானாலும், எக்கட்சி ஆண்டாலும், கொடியின் நிறம் பார்த்துக் கூட்டல் கழித்தலை மாற்றாதீர். பள்ளிக்கும் பாலத்துக்கும் வாங்கிய கடனை, அவற்றால் வாழ்வு பெறும் பிள்ளை மனமுவந்து அடைப்பான். செல்வர் வரி செலுத்தாதிருக்க வாங்கிய கடனை, ஏழையின் பிள்ளை ஏன் அடைக்க வேண்டும்? இந்தக் கேள்வியை மாற்றாரிடம் கேட்பது எளிது. நாம் வாக்களித்த கட்சியிடமும் அதே குரலில் கேட்பதுதான் பகுத்தறிவு. அதுவே பிறக்கவிருக்கும் தலைமுறைக்கு நாம் செலுத்த வேண்டிய முதற்கடன்.