தெரியாமைக்கும் தரகா?

மயிலையிலே ஒரு வீடு விலைக்கு வருகிறது. ஆயுள் முழுதும் வாயைக் கட்டி, வயிற்றைக் கட்டிச் சேர்த்த பணத்தோடு ஒருவர் வருகிறார். இடையே நிற்கிறார் தரகர். "வில்லங்கம் ஏதுமில்லை ஐயா, தங்கமான இடம்!" என்கிறார். முன்பணம் கைமாறுகிறது, தரகும் கைமாறுகிறது. பிறகுதான் தெரிகிறது, கட்டடம் மட்டுமே விற்றவருடையது, அடிமனை கோயிலுடையது என்று! ஆணையரின் இசைவின்றிக் கோயில் நிலத்தை விற்றால் செல்லாது என்று 1959ஆம் ஆண்டின் அறநிலையச் சட்டம் கூறுகிறதே, அறியீரோ என்று கேட்டால், தரகர் தரும் விடை ஒன்றே: "தெரியாது!"

பொய் சொன்னவனைக் குற்றவாளி என்கிறோம். தெரியாதவனை? பாவம் என்று விட்டுவிடுகிறோம். தெரிந்துகொள்ள வழியிருந்தும் தெரிந்துகொள்ளாமல், தெரிந்தவன்போல் பேசிக் கூலி பெற்றவன் அப்பாவியா? அறியாமை குற்றமன்று, அதனை அறிவென்று விற்பது குற்றம்!

தியாகராயர் பெயர் தாங்கிய நகர், 1920களில் ஏரிப் படுகையில் எழுந்தது. அடையாற்றங்கரை, 2015 டிசம்பரில் வெள்ளக்காடாயிற்று. இந்த மண்ணை விற்றுத் தருபவர், மண்ணின் வரலாற்றையும் மாறிவரும் சட்டத்தையும் கற்க வேண்டாமா? அதுவும் ஒருமுறை கற்றால் போதுமா?

2016ஆம் ஆண்டின் கட்டட மனை விற்பனை ஒழுங்குமுறைச் சட்டம், பதிவு பெற்ற திட்டங்களில் மனையும் அடுக்ககமும் விற்றுத் தரும் முகவர்களைப் பதிவு செய்துகொள்ளச் சொன்னது, தேர்வெழுதச் சொல்லவில்லை. மராட்டிய மாநிலமோ, பயிற்சியும் தேர்வும் கட்டாயம் என்று 2023இல் ஆணையிட்டது. அமெரிக்காவின் கலிபோர்னியாவில், நான்காண்டுக்கு ஒருமுறை உரிமம் புதுப்பிக்க 45 மணிநேரம் கற்றாக வேண்டும். இனம், மதம் பார்த்து வீடு மறுக்கலாகாது என்பதும் அங்கே ஒரு பாடம்! "நம்மவர்க்கு மட்டும்", "சைவ உணவினர்க்கு மட்டும்" என்று வாடகை வீட்டுக்கு வேலி கட்டும் நம் தெருக்களுக்கு வேண்டாத பாடமா அது?

"சட்டம் போட்டால் நாணயம் வந்துவிடுமா?" என்பர். வாராதுதான்! விளக்கு திருடனைத் திருத்தாது. ஆனால் 'இருட்டு' என்று அவன் சொல்லும் சாக்கைப் பறித்துவிடும்.

மற்றொரு கேள்வி உண்டு; அது நம் நெஞ்சைத் தொடுவது. தேநீர்க் கடை வாயிலில் நின்று பிழைக்கும் ஏழைத் தரகர், தேர்வு என்ற மதிலால் தடுக்கப்படமாட்டாரா? தகுதி என்ற சொல்லைக் காட்டித் தலைமுறை தலைமுறையாகத் தள்ளி வைக்கப்பட்டவர்கள் நாம். அந்த ஐயம் நியாயமானதே. ஆகவே, பாடம் தமிழிலே இருக்கட்டும். கட்டணமின்றி, மாலை வேளையிலே நடக்கட்டும். தவறியவர் மீண்டும் எழுதட்டும். குளிரூட்டிய மாளிகையில் அமர்ந்து கோடிகளுக்குத் தரகு பேசுபவரும் அதே வகுப்பில், அதே பலகையில் அமரட்டும்!

கதவை அடைப்பதற்கன்று, கண்ணைத் திறப்பதற்கே கட்டாயம். தோழர்களே, அடுத்தவர் வாழ்நாள் உழைப்பைக் கையிலே வாங்குபவனுக்கு, "எனக்குத் தெரியாது" என்று கூறும் உரிமை இல்லை!