முறுக்குவது யார்?

பெரிய பைக்குகளில் இப்போதெல்லாம் ஆக்சிலேட்டர் கேபிள் கிடையாது. கைப்பிடிப் பக்கம் ஒரு சென்சார் உட்கார்ந்திருக்கிறது. நாம் முறுக்கினால், ‘இவர் இவ்வளவு கேட்கிறார்’ என்று அது எஞ்சினை நடத்தும் கணினியான இசியூவுக்குத் தகவல் சொல்லும். கொடுக்கலாமா, கொடுத்தால் எவ்வளவு என்று இசியூ கணக்குப் பார்த்து, த்ராட்டில் பாடியில் இருக்கும் சின்ன மோட்டாரை வைத்துத் தட்டைத் திறக்கும். முறுக்கியது நான், திறந்தது அது. அப்படியென்றால் ஓட்டுவது யார்?

கையில் கிரீஸோடு நிற்கிறவனிடமிருந்து இப்படி ஒரு கேள்வியை யாரும் எதிர்பார்ப்பதில்லை. ஆனால் நான் திருவல்லிக்கேணிக்காரன். வைணவத்தில் அப்பா வீடு தென்கலை, அம்மா வீடு வடகலை. இலை போட்டு உட்கார்ந்தால் சாற்றமுது வருவதற்குள், பகவான் நம்மைக் காப்பாற்றுவது எப்படி, ‘குரங்கா, பூனையா’ வந்துவிடும். குரங்குக் குட்டி தாயின் வயிற்றைத் தானே இறுகப் பற்றிக்கொள்ள வேண்டும், பிடி நழுவினால் போச்சு. இது வடகலைக்குச் சொல்லும் உதாரணம். பூனைக்குட்டி ஒன்றுமே செய்ய வேண்டாம், தாய் கழுத்தைக் கவ்வித் தூக்கிக்கொண்டு போகும். இது தென்கலைக்கு. இரண்டு பாட்டிகளும் கடைசிவரை இதில் சமாதானம் ஆகவில்லை. காஞ்சிபுரத்தில் கோயில் யானைக்கு எந்த நாமம் சாற்றுவது என்று கோர்ட் வரைக்கும் போனவர்கள் இருக்கும்போது பாட்டிகளைச் சொல்லிக் குற்றமில்லை.

என் பட்டறைக்கு வருவதெல்லாம் ஆயிரம் சிசி ஜாதி. டிராக் டே நாட்களில் டூல் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு இருங்காட்டுக்கோட்டைக்குப் போவேன். சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டிய அந்த 3.7 கிலோமீட்டர் தடத்தில் குரங்குக் கட்சியும் பூனைக் கட்சியும் ஹெல்மெட்டோடு வந்து நிற்கின்றன.

குரங்குக் கட்சியின் தலைவர் ஒரு கே5 வைத்திருக்கிறார். 2005 மாடல் சுசூகி ஜிஎஸ்எக்ஸ்-ஆர்1000 அது. 178 குதிரைத்திறன், பெட்ரோலும் ஆயிலும் ஊற்றாத எடை 166 கிலோ. ஏபிஎஸ் கிடையாது, டிராக்‌ஷன் கண்ட்ரோல் கிடையாது. பூனைக் கட்சியில் ஒரு பையன், டுகாட்டி பானிகாலே வி4 வைத்திருக்கிறான். 1103 சிசி, 214 குதிரைத்திறன். டிராக்‌ஷன் கண்ட்ரோலில் மட்டும் எட்டு நிலை. அதற்கு மேல் வளைவிலும் வேலை செய்யும் ஏபிஎஸ், முன்சக்கரம் தூக்காமல் பார்க்க ஒன்று, பின்சக்கரம் வழுக்குவதை அளந்து விட ஒன்று, எஞ்சின் பிரேக்கைக் கூட்டிக் குறைக்க ஒன்று. “இது நீ ஓட்டற வண்டி இல்ல தம்பி, உன்னை ஓட்டற வண்டி” என்பார் கே5-காரர். பையன் சிரித்துவிட்டு லேப் டைமைக் காட்டுவான்.

இரண்டு வண்டியையும் சர்வீஸ் முடித்து ஓட்டிப் பார்க்கிறவன் நான். கே5-இல் வளைவை விட்டு வெளியே வரும்போது பின் டயர் என்ன செய்கிறது என்பது இடுப்புக்குத் தெரியும். லேசாக நெளியும். மணிக்கட்டு அதற்குப் பதில் சொல்ல வேண்டும். சொல்லத் தவறினால் என்ன ஆகும் என்பதுதான் முழு விஷயமும்.

வண்டி சாய்ந்திருக்கும்போது கொஞ்சம் அதிகமாக முறுக்கிவிட்டோம் என்று வையுங்கள். பின் டயர் பிடியை இழந்து வெளிப்பக்கம் வழுக்கும். பயத்தில் கை ஆக்சிலேட்டரைச் சட்டென்று மூடும். மூடியதும் டயர் திரும்பப் பிடிக்கும். பக்கவாட்டில் போய்க்கொண்டிருந்த சக்கரம் திடீரென்று பிடித்தால், படுத்திருந்த வண்டி துள்ளி நிமிர்ந்து ஆளை மேலே வீசி எறியும். இதற்கு ஹைசைடு என்று பெயர். 500 சிசி டூ-ஸ்ட்ரோக் காலத்துப் பந்தய வீரர்களின் எலும்புகளைக் கேட்டால் சொல்லும். மிக் டூஹன் 1992-இல் அசென் தடத்தில் தகுதிச் சுற்றின்போது விழுந்து கால் ஒடிந்து, அந்தக் காலையே எடுக்க வேண்டியிருக்கும் என்ற நிலைக்குப் போனவர். பிறகு எழுந்து வந்து 1994 முதல் 1998 வரை தொடர்ந்து ஐந்து உலகப் பட்டம் வாங்கினார். அவரைப் பற்றிப் பேசினால் கே5-காரருக்குக் கண் கலங்கும். எனக்கு அந்தக் கால்தான் ஞாபகம் வரும்.

ஹைசைடில் ஆளைத் தூக்கி எறிவது பெரும்பாலும் முதல் தவறு இல்லை. அதைத் திருத்தப் போய்ச் செய்கிற அவசரம். கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தால் டயர் பதமாகத் திரும்பும். பயந்த மனிதக் கைக்கு அந்தக் ‘கொஞ்சம் கொஞ்சமாக’ வராது. டிராக்‌ஷன் கண்ட்ரோல் செய்வது அதைத்தான். முன்சக்கர வேகம், பின்சக்கர வேகம், சாய்வுக் கோணம் மூன்றையும் ஒப்பிட்டு, பின்சக்கரம் கூடுதலாகச் சுற்றினால் இக்னிஷனைத் தள்ளிப்போட்டோ தட்டைச் சற்று மூடியோ வேகத்தைப் பதமாக இறக்கும். 2015-இல் வந்த யமஹா ஆர்1, ஆறு அச்சுகளில் வண்டியின் அசைவை அளந்து விநாடிக்கு 125 முறை கணக்குப் போட்டது. ஓட்டுகிறவன் அந்த நேரத்தில் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று, பதறாமல் கையை அப்படியே வைத்திருப்பது.

இந்த இடத்தில் அப்பா வழிப் பாட்டி ஜெயித்துவிட்டாள் என்று தோன்றும். தென்கலையின் பிள்ளை லோகாசார்யர் ஜீவனிடம் கேட்பது ஏறக்குறைய இதைத்தான். பகவான் காப்பாற்ற வரும்போது குறுக்கே நிற்காதே, விலக்காதே, போதும். அம்மா வழிப் பாட்டி விட மாட்டாள். கருணை அவனுடையதே என்றாலும் அதற்கு நம் பக்கம் ஒரு சிறு வியாஜமாவது, ஒரு சாக்காவது வேண்டாமா என்பது வடகலையின் தேசிகர் கட்சி. பிரேக் லீவரைப் பிடிக்காதவனுக்கு எந்த ஏபிஎஸ் என்ன செய்யும்? பிடித்தால்தானே அது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் விட்டு விட்டுப் பிடிக்கும். ஆளுக்கு ஒரு உபகரணம் சாட்சி சொல்கிறது. இப்படியே போனால் மறுபடியும் சாற்றமுது ஆறிவிடும்.

கே5-காரரின் பெருமையிலும் ஓர் ஓட்டை இருக்கிறது. அவர் வண்டியின் த்ராட்டில் பாடியைக் கழற்றிப் பார்த்தால் ஒவ்வொரு குழாயிலும் இரண்டு தட்டு இருக்கும். ஒன்று கேபிளில் ஓடுவது, அவர் கைக்குக் கட்டுப்பட்டது. இன்னொன்று இசியூவுக்குக் கட்டுப்பட்டது. அவர் கீழ் ஆர்பிஎம்மில் முழுசாகத் திறந்தாலும் காற்று திணறாமல் போக அந்த இரண்டாவது தட்டு அளவாகத்தான் திறக்கும். ‘நானும் இரும்பும் மட்டும்’ என்று அவர் சொல்லிக்கொள்ளும் வண்டியில் இருபது வருஷமாக மூன்றாவது ஆள் ஒருவர் சம்மதம் கொடுத்துக்கொண்டே இருக்கிறார். ஒருநாள் பெஞ்சில் வைத்துக் காட்டினேன். விரலால் அந்தத் தட்டைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். “இதைக் கழட்டிடலாமா?” என்றார்.

பையனுக்கு வேறு மாதிரி காட்ட வேண்டியிருந்தது. ஒரு செஷன் முடிந்து பிட்டுக்கு வந்தவன், “அண்ணா, கடைசி கார்னர் எக்ஸிட் பாருங்க, ஃபுல்லா திறந்துட்டேன். ஒரு ஸ்லைடு இல்ல. கை செட் ஆயிடுச்சு” என்றான். டுகாட்டி டேட்டா அனலைசரை லேப்டாப்பில் போட்டோம். அவன் சொன்ன இடத்தில் த்ராட்டில் கோடு உச்சியில் தட்டையாக நின்றது. அதற்குக் கீழே டிடிசி என்கிற டிராக்‌ஷன் கண்ட்ரோல் கோட்டைப் பெரிதாக்கினேன். அதே நொடியில் எழும்பி, இறங்கி, மறுபடி எழும்பியிருந்தது. முந்தைய லேப்பிலும் அப்படித்தான். அதற்கு முந்தையதிலும். பையன் ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு, “எனக்கு ஒண்ணும் தெரியலையே” என்றான்.

தெரியாது. அதுதான் இந்தத் தலைமுறை எலெக்ட்ரானிக்ஸின் திறமை, என் கணக்கில் அதன் ஒரே ஆபத்தும் அதுதான். டுகாட்டி 2008-இல் 1098ஆர் வண்டியில் பந்தயப் பாணி டிராக்‌ஷன் கண்ட்ரோலைக் கொண்டுவந்தது. அடுத்த வருஷமே பிஎம்டபிள்யூ எஸ்1000ஆர்ஆரை அறிமுகப்படுத்தியது. மழை மோடில் அது 193 குதிரைத்திறனை 150 ஆக்கிவிடும். ஸ்லிக் மோடு வேண்டுமானால் சீட்டுக்கு அடியில் தனியாக ஒரு பிளக் செருக வேண்டும். அந்தக் காலத்து அமைப்புகள் குறுக்கிட்டால் எஞ்சின் விக்கும், வண்டி தயங்கும். தப்பித்தோம் என்பது ஓட்டுகிறவனுக்கு உறைக்கும். இன்றைய வண்டி காப்பாற்றிவிட்டு, காப்பாற்றியதன் சுவடே இல்லாமல் துடைத்துவிடுகிறது. ‘கை செட் ஆயிடுச்சு’ என்ற நினைப்பு அங்கேதான் முளைக்கிறது. மோட்டோஜிபி நடத்துகிறவர்களே 2016-இல் எல்லா அணிக்கும் ஒரே இசியூ, ஒரே மென்பொருள் என்று கட்டிப் போட்டார்கள். செலவுக்காகவும் போட்டி நெருங்கி வருவதற்காகவும் செய்ததுதான். ஆனாலும் யாருடைய திறமைக்குப் பரிசு கொடுக்கிறோம் என்ற சங்கடம் அதற்குள் இல்லை என்று என்னால் நினைக்க முடியவில்லை.

கீதையின் 18-ஆம் அத்தியாயம் ஒரு செயலுக்கு ஐந்து காரணம் சொல்கிறது. உடம்பு, செய்கிறவன், கருவிகள், பலவிதமான முயற்சி, ஐந்தாவதாகத் தெய்வம். ஐந்து இருக்கும்போது தன்னை மட்டும் கர்த்தாவாகப் பார்க்கிறவன் சரியாகப் பார்க்கவில்லை என்கிறது. அந்த ஐந்தாவதை உள்ளே நின்று நடத்தும் பரமாத்மா என்று ராமானுஜர் எடுத்துக்கொள்கிறார். அப்படியானால் புண்ணியமும் பாவமும் அவன் கணக்கில் போய்விடாதா என்பது இயல்பான கேள்வி. ஸ்ரீபாஷ்யத்தில் இதற்கு அவர் சொல்லும் பதில் வேதாந்தியின் பதிலாக இல்லாமல் ஒரு பத்திர எழுத்தரின் பதில் போல இருக்கும். இரண்டு பேருக்குப் பொதுவான சொத்து. ஒருவன் விற்க நினைக்கிறான். மற்றவன் சம்மதம் இல்லாமல் விற்க முடியாது. ஆனால் அந்தச் சம்மதத்தைக் கேட்டு வாங்கியது இவன்தான், அதனால் பலன் இவனுக்கே. ஜீவன் முதல் முயற்சியை எடுக்கிறான். அதைப் பார்த்துவிட்டு ஈசுவரன் அனுமந்தாவாக, சம்மதம் கொடுப்பவனாக நின்று நடக்க விடுகிறான்.

கூட்டுப் பட்டா என்றால் நம் ஊரில் விளக்கவே வேண்டாம். பையனிடம் இதைச் சொன்னபோது, “இந்த வண்டி லோன்லகூட அப்பாதான் கோ-அப்ளிகன்ட்” என்றான். விஷயம் பிடிபட்டுவிட்டது.

குரங்கு, பூனை இரண்டையும்விட இந்தப் பத்திரக் கணக்குதான் எனக்கு ஒத்துவருகிறது. கேபிள் இல்லாத ஆக்சிலேட்டர் கேட்பு மனு. இசியூ கையெழுத்துப் போடுகிற பங்காளி. அது கையெழுத்துப் போட்டதாலேயே அந்த லேப் டைம் பையனுடையது இல்லை என்று ஆகிவிடாது. எங்கே பிரேக் பிடிப்பது, எந்தக் கோட்டில் உள்ளே போவது, எப்போது திறப்பது என்று கேட்டதெல்லாம் அவன். அதே கணக்குப்படி விழுந்தாலும் அவன் பேரில்தான் பதிய வேண்டும். ‘டிடிசி மூணுல இருந்துச்சுண்ணா, அதான்’ என்று பிட்டுக்கு நொண்டி வருகிறவர்களிடம் எனக்கு இரக்கம் வருவதில்லை.

ஆனால் ராமானுஜரின் அனுமந்தாவுக்கு உள்ளும் புறமும் தெரியும். ஏன் கேட்கிறான் என்பதும் தெரியும். இந்தப் பங்காளிக்குச் சக்கர வேகமும் சாய்வும்தான் தெரியும். டயர் சூடேறாமல் இருப்பது தெரியாது, முன்னால் போனவன் சிந்திய ஆயில் தெரியாது. இல்லாத பிடிமானத்தை எந்த மென்பொருளாலும் உண்டாக்க முடியாது. இருப்பதை வீணாக்காமல் செலவு செய்யத்தான் அதற்குத் தெரியும். பாட்டிகள் இருவரும் சண்டை போட்டது எல்லையே இல்லாத கருணையைப் பற்றி. இது டயரின் உராய்வுக்குள் அடங்கிய கருணை.

அது யாருக்குக் கிடைக்கிறது என்பதில்தான் எனக்குக் கோபம் வரும். சரணாகதிக்கு இடம், காலம், முறை, இன்னார்தான் அதிகாரி என்ற எந்த நியமமும் கிடையாது என்று எழுதிவைத்தவர் லோகாசார்யர். பைக் உலகில் அதற்குத் தலைகீழ். பிஎம்டபிள்யூ 1988-இல் கே100 வண்டியில் எலெக்ட்ரானிக் ஏபிஎஸ் கொண்டுவந்தது. இந்தியாவில் 125 சிசிக்கு மேற்பட்ட வண்டிகள் எல்லாவற்றுக்கும் அது கட்டாயம் என்று ஆக 2019 ஏப்ரல் ஆயிற்று. ஓசூர் டிவிஎஸ் 2023-இல் கொண்டுவந்த அப்பாச்சி ஆர்டிஆர் 310-இல் வளைவு ஏபிஎஸ்ஸே வந்துவிட்டது, சந்தோஷம். ஆனால் 125-உம் அதற்குக் கீழும் உள்ள வண்டிக்கு, பிரேக்குகளைச் சேர்த்துப் பிடிக்கிற சிபிஎஸ் இருந்தாலே போதும் என்று அந்தச் சட்டம் விட்டுவிட்டது. பால் கேனும் கேஸ் சிலிண்டரும் ஏறுவது அந்த வண்டிகளில்தான். ஐப்பசி மழையில் பூந்தமல்லி ரோட்டில் பஸ்ஸுக்கு முன்னால் பிரேக் அடிப்பவர்களும் அந்த வண்டிக்காரர்கள்தான். தோல் சூட்டும் ஏர்பேக்கும் போட்டுக்கொண்டு, ஆம்புலன்ஸ் காத்து நிற்கும் தடத்தில் சுற்றுகிறவனுக்கு எட்டு நிலைக் கருணை. இவர்களுக்குப் பின் பிரேக்கை மிதித்தால் முன் பிரேக்கும் கொஞ்சம் பிடிக்கும், சக்கரம் பூட்டிக்கொண்டால் அவரவர் பாடு. பையன் என்னிடம் அடுத்த செஷனுக்கு எந்த நிலையில் வைக்கட்டும் என்று கேட்கும்போதெல்லாம் ஒரு நிலை கூட்டியே சொல்கிறேன். அவனுக்கு இலவசமாகக் கிடைக்கிறது, வைத்துக்கொள்ளட்டும்.