மனசாட்சியும் தவறுமா?

தவறு செய்தவனை உலகம் கண்டுகொள்ளாமல் போகலாம். ஆனால் அவனுடைய மனசாட்சி அவனை விடாது என்று சிறு வயது முதலே கேட்டு வளர்ந்திருக்கிறோம். நெஞ்சம் உறுத்தினால் அது தவறு, உறுத்தாவிட்டால் அது சரி என்றே அன்றாட வாழ்வில் பலவற்றை முடிவு செய்தும் வருகிறோம். ஆனால் அந்த நெஞ்சமே தவறாகப் பழக்கப்பட்டிருந்தால் என்ன ஆகும்? நற்செயல் புரிந்தவனை அது உறுத்துமா? கொடுமையைக் கண்டும் உறுத்தாமல் உறங்குமா?

ஆங்கில இலக்கியம் பயிலும் மாணவன் என்ற முறையில் மார்க் ட்வைனின் 'ஹக்கில்பெரி ஃபின்' நாவலைப் படித்தபோது இந்தக் கேள்வி என்னை விடாமல் பற்றிக்கொண்டது. 1884 டிசம்பரில் இங்கிலாந்திலும் 1885 பிப்ரவரியில் அமெரிக்காவிலும் வெளிவந்த இந்நூல், மேலோட்டமாகப் பார்த்தால் சிறுவர்களுக்கான சாகசக் கதை. ஆழ்ந்து பார்த்தாலோ, இனவெறியில் ஊறிய ஒரு சமுதாயம் மனிதனின் மனசாட்சியையே எவ்வாறு வளைத்துவிடுகிறது என்பதைக் காட்டும் கதை.

ஆற்றின் மீது இருவர்

கதை நிகழும் காலம் ஏறத்தாழ 1840-கள். இடம், மிசிசிப்பி ஆற்றங்கரையிலுள்ள மிசௌரி மாநிலத்துச் சிற்றூர். அங்கே அடிமை முறை சட்டப்படி நிலவியது. ஹக் பதின்மூன்று, பதினான்கு வயதுச் சிறுவன். குடிகாரத் தந்தையின் கொடுமைக்குத் தப்பி ஓடுகிறான். ஜிம் கறுப்பின அடிமை. அவனது எஜமானி வாட்சன் சீமாட்டி 800 டாலருக்காகத் தன்னைத் தெற்கே நியூ ஆர்லியன்ஸுக்கு விற்றுவிடக்கூடும் என்பதை ஒட்டுக் கேட்டு அவனும் ஓடுகிறான். ஆற்றின் நடுவிலுள்ள தீவில் இருவரும் சந்திக்கின்றனர். பின்னர் ஒரே தெப்பத்தில் ஏறி, இரவெல்லாம் ஆற்றோடு பயணம் செய்கின்றனர்.

விடுதலை பெறும் எல்லை நெருங்க நெருங்க ஜிம்முக்கு மகிழ்ச்சி தாளவில்லை. உழைத்துப் பணம் சேர்த்து மனைவியை விலைக்கு வாங்குவேன், பிறகு இருவரும் உழைத்து இரண்டு குழந்தைகளையும் மீட்போம், எஜமானன் விற்க மறுத்தால் அவர்களைக் களவாடியாவது அழைத்து வருவோம் என்கிறான். இதைக் கேட்ட ஹக் நடுங்கிப்போகிறான். ஒரு தந்தை தன் குழந்தைகளை மீட்க நினைப்பது அவனுக்குத் திருட்டாகத் தெரிகிறது! முன்பின் அறியாத, தனக்குத் தீங்கேதும் செய்யாத எவனோ ஒருவனுடைய சொத்தல்லவா அக்குழந்தைகள் என்று அவன் மனசாட்சி அவனைக் குத்துகிறது.

இரு குறள்களுக்கு இடையே

ஜிம்மைக் காட்டிக்கொடுக்கும் எண்ணத்துடன் ஹக் சிறு படகில் புறப்படுகிறான். வழியில், ஓடிப்போன அடிமைகளைத் தேடும் இருவர் எதிர்ப்படுகின்றனர். தெப்பத்தில் இருப்பவன் வெள்ளையனா, கறுப்பனா என்று கேட்கின்றனர். உண்மையைச் சொல்ல வாயெடுக்கிறான், சொல் எழவில்லை. வெள்ளையன் என்று கூறி, தெப்பத்தில் பெரியம்மை கண்டிருப்பதாக அவர்களை எண்ணச் செய்துவிடுகிறான். அவர்கள் அஞ்சி விலகி, இரக்கத்தோடு ஆளுக்கு இருபது டாலர் பொற்காசு ஒன்றைப் பலகையில் வைத்து மிதக்க விட்டுச் செல்கின்றனர். ஜிம் தப்பினான். ஹக்கோ, கடமையைச் செய்யத் துணிவில்லாத கெட்டவன் தான் என்று மனம் புழுங்கியபடி திரும்புகிறான்.

வாய்மையைப் பற்றி வள்ளுவர் கூறும் அதிகாரத்தில் இரண்டு குறள்கள் அடுத்தடுத்து வருகின்றன. குற்றமற்ற நன்மை விளையுமானால் பொய்யும் வாய்மைக்கு ஒப்பாகும் என்பது ஒன்று. உள்ளம் அறிந்தே பொய்யுரைத்தால் அந்த உள்ளமே பின்னர் ஒருவனை வருத்தும் என்பது மற்றொன்று. நல்ல சமுதாயத்தில் இவ்விரண்டுக்கும் முரண்பாடு எழாது. ஹக்கின் சமுதாயத்திலோ இரண்டும் மோதிக்கொள்கின்றன. அவன் சொன்ன பொய் முதல் குறளின்படி வாய்மை. ஆயினும் அவன் நெஞ்சம் அவனைச் சுடுகிறது. குறை குறளில் இல்லை. எதற்காகச் சுட வேண்டும் என்று அந்த நெஞ்சுக்குக் கற்பித்தவர்களிடம் இருக்கிறது.

பொய்யான நிம்மதி

நாவலின் உச்சக்கட்டம் 31-ஆம் அத்தியாயத்தில் வருகிறது. உடன் வந்த ஏமாற்றுக்காரன் ஒருவன் நாற்பது டாலருக்காக ஜிம்மைப் பிடித்துக் கொடுத்துவிடுகிறான். தான் செய்த 'பாவத்துக்கு' இறைவன் அளித்த தண்டனை இது என்று ஹக் அஞ்சுகிறான். பிரார்த்தனை செய்ய முழங்காலிடுகிறான், சொற்கள் வரவில்லை. வாய் ஒன்று சொல்ல மனம் வேறொன்றைப் பற்றியிருக்கும்போது பிரார்த்தனை கைகூடாது என்பதைப் படிப்பறிவு அதிகமில்லாத அச்சிறுவன் தானே உணர்கிறான்.

ஆகவே, ஜிம் இருக்குமிடத்தைத் தெரிவித்து அவனுடைய எஜமானிக்குக் கடிதம் எழுதுகிறான். எழுதி முடித்ததும், பாவமெல்லாம் கழுவப்பட்டுவிட்டது போன்ற நிம்மதி அவனுக்கு உண்டாகிறது. இந்த இடம் நம்மைத் திடுக்கிடச் செய்கிறது. நண்பனை அடிமைத்தளைக்குத் திருப்பி அனுப்பும் கடிதத்தை எழுதியவனுக்கு மனத்தூய்மையின் இனிமை கிட்டுகிறது! குற்றவுணர்வு மட்டுமன்று, மன நிம்மதியும் நம்மை ஏமாற்றக்கூடும்.

கடிதத்தை அருகில் வைத்துக்கொண்டு அவன் சற்றே சிந்திக்கிறான். தன் முறை முடிந்த பின்னும், அவன் உறக்கம் கலையக் கூடாதென்று அவனுடைய முறைக்கும் சேர்த்து ஜிம் விழித்துக் காவல் இருந்த இரவுகள் நினைவுக்கு வருகின்றன. மூடுபனியில் பிரிந்து மீண்டும் சேர்ந்தபோது ஜிம் அடைந்த மகிழ்ச்சியும், உலகில் தனக்குள்ள ஒரே நண்பன் நீ என்று அவன் சொன்னதும் நினைவுக்கு வருகின்றன. உடல் நடுங்க, நரகமே கிடைத்தாலும் கிடைக்கட்டும் என்று துணிந்து கடிதத்தைக் கிழித்தெறிகிறான்.

பகவத்கீதையின் 18-ஆம் அத்தியாயம் புத்தியை மூன்றாகப் பிரிக்கிறது. அவற்றுள் இருள் மூடிய தாமச புத்தி அதர்மத்தையே தர்மமாகக் கொள்ளும். ஒரு தனிமனிதனின் புத்தி அல்ல, ஓர் ஊரின் புத்தியே அவ்வாறு மூடுண்டிருக்கும்போது, அந்த ஊரின் குரலே தனிமனிதனுக்குள் மனசாட்சி என்ற பெயரில் பேசுகிறது. சீரான இதயமும் உருக்குலைந்த மனசாட்சியும் மோதி, மனசாட்சி தோற்பதே இந்நூலின் பொருள் என்ற கருத்தை மார்க் ட்வைன் 1895-இல் தம் குறிப்பேட்டில் பதிந்துவைத்தார்.

ஜிம்மின் கண்ணீர்

அப்படியானால் குற்றவுணர்வே பயனற்றதா? அன்று. உண்மையான குற்றவுணர்வு எது என்பதையும் இந்நாவல் காட்டுகிறது. அது உறைந்திருப்பது அந்த அடிமையின் நெஞ்சில்.

ஓர் அதிகாலையில் ஜிம் தலையை முழங்கால்களுக்கிடையே வைத்துப் புலம்புகிறான். அவனுடைய நான்கு வயது மகள் எலிசபெத் ஸ்கார்லெட் காய்ச்சலிலிருந்து தேறியிருந்த நேரம். கதவைச் சாத்தும்படி அவன் கூறியும் அவள் சிரித்தபடி நின்றாள். கீழ்ப்படியவில்லை என்று கோபித்து அடித்துவிட்டான். பிறகு காற்றில் கதவு பேரொலியுடன் சாத்திக்கொண்டது, குழந்தை அசையவில்லை. காய்ச்சல் அவளுடைய செவித்திறனையும் பேச்சையும் பறித்துவிட்டதை அப்போதுதான் அறிந்தான். அவளை வாரியணைத்துக் கதறினான். வாழ்நாள் முழுவதும் தன்னை மன்னிக்க முடியாது என்கிறான்.

ஹக்கின் உறுத்தலையும் ஜிம்மின் உறுத்தலையும் அருகருகே வைத்துப் பார்ப்போம். ஊர் என்ன சொல்லும், நரகம் கிட்டுமோ, தான் எத்தகையவன் ஆகிவிட்டேன் என்று ஹக்கின் உறுத்தல் தன்னையே சுற்றி வருகிறது. ஜிம்மின் உறுத்தலோ தன்னால் துன்புற்ற அந்தக் குழந்தையின் முகத்தை விட்டு அகலவில்லை. அவனைக் குற்றம் சாட்டச் சட்டம் எதுவும் இல்லை. ஊர் அறியவும் இல்லை. தன்னை நோக்கும் குற்றவுணர்வு அச்சத்தின் வடிவம். பிறர் துன்பத்தை நோக்கும் குற்றவுணர்வே அன்பின் வடிவம். பிறருடைய இன்ப துன்பங்களைத் தன்னுடையவை போலக் காண்பவனே சிறந்த யோகி என்று கீதையின் 6-ஆம் அத்தியாயம் கூறுவதும் இதற்கான உரைகல்லே.

உறுத்தாத நெஞ்சம்

ஹக்கின் தவிப்பைவிட அச்சமூட்டுவது எதுவுமே உறுத்தாத நல்லவர்களின் நிலை. நீராவிப் படகில் வெடிவிபத்து நேர்ந்ததாக ஹக் ஒரு கதை கட்டுகிறான். யாருக்கேனும் காயமா என்று சாலி என்ற அன்பான இல்லத்தரசி கேட்கிறாள். இல்லை, ஒரு கறுப்பன் மட்டும் இறந்தான் என்கிறான். நல்லவேளை, சில சமயம் மனிதர்களுக்கு அடிபட்டுவிடுகிறது என்று அவள் ஆறுதல் கொள்கிறாள். அவள் கொடியவள் அல்லள். விருந்தினரை அன்புடன் உபசரிப்பவள். அந்த உரையாடலின் கொடுமையே அதுதான்.

இதை ட்வைன் கற்பனையாக எழுதவில்லை. இளமையில் அடிமை முறையை யாரும் பழித்துத் தாம் கேட்டதில்லை என்றும், அதை இறைவன் ஏற்ற ஒன்றாகவே மதபோதகர்கள் போதித்தனர் என்றும் தம் சுயசரிதையில் அவர் நினைவுகூர்கிறார். 1896 ஜனவரியில் அவர் பம்பாய்க்கு வந்தார். விடுதியில் கதவைச் சரிசெய்ய முழங்காலிட்டிருந்த இந்தியப் பணியாளர் ஒருவரை, உடன் வந்த ஐரோப்பியர் தாடையில் அறைந்த பின்னரே குறை என்னவென்று சொன்னார். பணியாளர் முகத்தில் சினமும் இல்லை, வாயில் சொல்லும் இல்லை. அந்த ஓர் அறை ட்வைனை ஐம்பது ஆண்டுகளுக்கு முந்தைய மிசௌரிக்குக் கொண்டுசென்றது. கருணையும் நேர்மையும் மிக்க தம் தந்தை, அடிமைச் சிறுவன் ஒருவனை அற்பக் காரணங்களுக்காக அறைந்தது நினைவுக்கு வந்தது. அக்காலத்தில் அது தமக்கு இயல்பானதாகவே தோன்றியது. ஆயினும் அடிபட்டவனுக்காக மனம் இரங்கியதும் உண்டு என்று 1897-இல் வெளியான பயணநூலில் எழுதினார். உறங்கிய மனசாட்சிக்கு அடியில் இதயம் விழித்திருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

இதயம் மட்டும் போதுமா?

ஹக்கின் இதயம் வென்றது உண்மையே. ஆனால் அடிமை முறை தவறு என்ற முடிவுக்கு அவன் வரவில்லை. தான் பாவி என்றே கடைசிவரை நம்புகிறான். அதனால்தான் இறுதி அத்தியாயங்களில், ஜிம்மை மீட்கும் செயலை டாம் சாயர் வேடிக்கை விளையாட்டாக்கி அவனை வதைக்கும்போது ஹக்கும் உடன்படுகிறான். எஜமானி தன் உயிலில் ஜிம்மை முன்பே விடுதலை செய்துவிட்டாள் என்பது பின்னரே தெரிய வருகிறது. வெள்ளைச் சிறுவனின் தவிப்பு முன்னே நிற்க, கறுப்பனின் துயரம் பின்னே தள்ளப்படுகிறது என்ற விமர்சனமும், இந்நூல் முழுவதும் இரைந்து கிடக்கும் இழிசொல் குறித்த மனவேதனையும் நியாயமற்றவை அல்ல. அந்தச் சொல்லை நீக்கிய பதிப்பு 2011-இல் வந்தது. பெர்சிவல் எவரெட் என்ற கறுப்பின எழுத்தாளர் இதே கதையை ஜிம்மின் வாய்மொழியாக 'ஜேம்ஸ்' என்ற நாவலாக 2024-இல் எழுதினார்; அது 2025-இல் புலிட்சர் பரிசு பெற்றது.

கணநேர இரக்கம் நிலைத்த பார்வையாக மாற விவேகம் வேண்டும்; குற்றவுணர்வு பயன் தர வேண்டுமானால் அது செயலாக வேண்டும். ட்வைன் தம் வாழ்வில் அதற்கும் ஒரு சான்று வைத்தார். யேல் சட்டக் கல்லூரியில் பயின்ற வார்னர் மெக்குவின் என்ற கறுப்பின மாணவரின் செலவை அவர் ஏற்றார். கறுப்பினத்தாரின் மனிதத்தன்மையை நசுக்கியவர்கள் நாமே, எனவே இழுக்கும் நமதே, ஈடு செய்ய வேண்டியவர்களும் நாமே என்ற கருத்துப்பட 1885 டிசம்பரில் அக்கல்லூரித் தலைவருக்கு எழுதினார். மெக்குவின் பின்னாளில் பால்டிமோரில் புகழ்பெற்ற வழக்கறிஞரானார். அங்கே அவரது ஆதரவைப் பெற்ற இளம் வழக்கறிஞர் தர்குட் மார்ஷல், 1967-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதியானார். பிராயச்சித்தம் என்பது தன்னை நொந்துகொள்வதன்று. துன்புற்றவர் எழுந்து நிற்கத் தோள் கொடுப்பது.

இதயமும் விவேகமும் ஒன்றானால் எப்படி இருக்கும் என்பதற்கு அதே அமெரிக்க மண்ணில் நிகழ்ந்த ஒரு சம்பவம் உண்டு. தென்மாநிலங்களில் சுவாமி விவேகானந்தரைக் கறுப்பினத்தவர் என்று எண்ணிச் சில விடுதிகளில் இடம் மறுத்தனர். தாம் யார் என்பதை அவர் சொல்லவில்லை. பின்னர் சீடர் ஒருவர் காரணம் கேட்டபோது, இன்னொருவரைத் தாழ்த்தித் தாம் உயர்வதா என்று வியந்ததாக அவரது வரலாறு கூறுகிறது. அங்கே நெஞ்சுக்கும் அறிவுக்கும் போராட்டமே இல்லை. எல்லா உடல்களிலும் ஒரே ஆன்மாவைக் கண்டவருக்கு, எந்த மனிதனும் அந்நியன் அல்லன்.

நம் மனசாட்சியையும் அவ்வப்போது சோதித்துப் பார்ப்பது நல்லது. அது எதற்காக உறுத்துகிறது என்பதைவிட, எதைக் கண்டு உறுத்தாமல் இருக்கிறது என்று கேட்பதே முதற்படி. நம் இல்லத்தில் பணிபுரிபவர் எங்கே அமர்ந்து, எதில் உண்கிறார்? சாதியைச் சொல்லி யாரையேனும் நம் வீட்டில் இழித்துப் பேசும்போது, நாம் தினமும் வழிபடும் அதே அறையில் நம் நெஞ்சம் அமைதியாகத்தான் இருக்கிறதா? அந்த அமைதியை இறையருள் என்று எண்ணி ஏமாறாதிருப்போம். துன்புறுபவரின் முகத்தை நேரே பார்த்த பிறகும் நிலைத்திருக்கும் அமைதியே உண்மையான சாந்தி.