'ஆல்ரெடி'யும் ஆச்சும்

சிங்கப்பூரின் குவீன்ஸ்டவுன் அடுக்குமாடிகளின் கீழேயுள்ள காப்பிக்கடையில் மதியம் தாண்டி மீன்கறி கேட்டால், "ஃபினிஷ் ஆல்ரெடி" என்பார் கடைக்காரர். தமிழ்க் காதுக்கு அது உடனே விளங்கும்: தீர்ந்துபோச்சு.

பள்ளியில் நாம் படித்த 'ஆல்ரெடி'க்குப் பொருள் 'ஏற்கனவே'. "ஐ ஹேவ் ஆல்ரெடி ஈட்டன்" என்றால் சாப்பாடு முன்பே முடிந்தது. கேள்வியில் வந்தால் வியப்பும் சேரும்: "ஹேவ் யூ ஈட்டன் ஆல்ரெடி?" என்பது 'அதுக்குள்ளயா?' என்று கேட்பது. சாதாரணமாக விசாரிக்க 'யெட்' போடவேண்டும்.

சிங்கப்பூர்ப் பேச்சில் இந்தச் சொல் வேறு வேலை பார்க்கிறது. "ஐ ஈட் ஆல்ரெடி": சாப்பிட்டாச்சு. "ரெயின் ஆல்ரெடி": மழை பிடித்துக்கொண்டது, இன்னும் விடவில்லை. "டோன்ட் வான்ட் ஆல்ரெடி": முன்பு வேண்டியிருந்தது, இப்போது வேண்டாம். முடிவு, தொடக்கம், மனமாற்றம் என மூன்றும் வேறுவேறாகத் தெரிந்தாலும், முந்தைய நிலை மாறிவிட்டது என்பதே மூன்றிலும் உள்ள செய்தி. இதைக் கொச்சை என்று தள்ளுவது தவறு. இதற்குள் ஒழுங்கான இலக்கணம் இருக்கிறது.

அது எங்கிருந்து வந்தது? மொழியியலாளர் பாவ் ஜிமிங் 2005இல் வெளியிட்ட ஆய்வில் சீன மொழிகளின் அமைப்பைக் காரணமாகக் காட்டினார். ஹொக்கியனில் 'லியாவ்', மாண்டரினில் 'ல' வாக்கியக் கடைசியில் நின்று இதே வேலையைச் செய்கின்றன. மலாய் 'சூடா'வும் பொருளில் நெருக்கம்தான். ஆனால் "சூடா மாக்கான்" என்று வினைக்கு முன்னால் வரும்.

நம்முடைய 'ஆச்சு' கடைசியில்தான் வரும். "இங்க வந்து இருபது வருஷமாச்சு" என்பதும் "ஸ்டே ஹியர் ட்வென்ட்டி இயர்ஸ் ஆல்ரெடி" என்பதும் அச்சு அசலாகப் பொருந்துகின்றன. அப்படியானால் தமிழிலிருந்து போனதா? இல்லை என்றே நினைக்கிறேன். 'வேண்டாம்' என்பதோடு 'ஆச்சு' ஒட்டாது. 'இனி வேண்டாம்' என்றுதான் சொல்வோம். மாண்டரினில் "பு யாவ் ல" என்று மறுப்போடும் அது இயல்பாகச் சேர்கிறது. அச்சு சீனம், தமிழருக்கு அது பழகிய தடம்போல இருந்ததால் எளிதில் வாயில் ஏறியது.

ஏற இடமும் இருந்தது. 1953இல் எலிசபெத் அரசியின் முடிசூட்டை ஒட்டிப் பெயர்பெற்ற குவீன்ஸ்டவுனில்தான், வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் 1960இல் ஸ்டர்லிங் சாலையில் தன் முதல் அடுக்குமாடிகளைக் கட்டி முடித்தது. ஹொக்கியன், மலாய், தமிழ் பேசியவர்கள் ஒரே தாழ்வாரத்தில் நடந்தார்கள். ரயில்வேத் தமிழர் தொடங்கிய ஸ்ரீ முனீஸ்வரன் கோயிலும் இதே வட்டாரத்தில், காமன்வெல்த் டிரைவில் இருக்கிறது.

இத்தகைய பேச்சுக்குப் பதிலாகத் தரமான ஆங்கிலத்தை வலியுறுத்தி, நல்ல ஆங்கிலம் பேசுவோம் இயக்கம் 2000இல் தொடங்கியது. தேர்வுத்தாளில் பிள்ளைகளுக்கு 'ஹேவ்' அவசியம், சந்தேகமில்லை. அதற்காக வீட்டுப் பேச்சைத் திட்டவேண்டாம். "ஐ ஈட் ஆல்ரெடி" என்று பிள்ளை சொன்னால், அதையே "ஐ ஹேவ் ஆல்ரெடி ஈட்டன்" என்று மாற்றிச் சொல்லிக்காட்டி, 'ஆல்ரெடி' எங்கே நகர்ந்தது, வினை எப்படி மாறியது என்று கேளுங்கள்.