கை யாருடையது? சங்கல்பம் யாருடையது?

பௌர்ணமி இரவு. அண்ணாமலையாரை மனதில் நிறுத்தி, 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் நடக்கிறீர்கள். இந்திர லிங்கம், அக்னி லிங்கம் தாண்டியாயிற்று. உதடு 'நமசிவாய' என்கிறது. மனசோ வீட்டில் படுத்திருக்கும் மாமியாரைச் சுற்றி வருகிறது. 'புதுசாக வந்திருக்கும் பெண் ராத்திரி மாத்திரையைச் சரியாகக் கொடுத்திருப்பாளா? பாத்ரூம் போகும்போது கையைப் பிடித்துக்கொள்வாளா? பீரோ சாவியை எங்கே வைத்தோம்?'

இந்தக் கவலைக்கு அடியில் இன்னொரு கேள்வியும் உறுத்திக்கொண்டே இருக்கும். பெற்றவர்களைப் பார்த்துக்கொள்ளச் சம்பளத்துக்கு ஆள் வைப்பது சரியா? அது கடமையைக் கை கழுவுவது ஆகாதா?

இதற்கு அருணையிலேயே இரண்டு பாடங்கள் உண்டு.

பிள்ளையாக வந்த பெருமான்

அண்ணாமலையார் கோயிலின் வல்லாள கோபுரத்தைப் பார்த்திருப்பீர்கள். 14-ஆம் நூற்றாண்டில் திருவண்ணாமலையைத் தலைநகராகக் கொண்டிருந்த ஹொய்சள மன்னர் வல்லாள மகாராஜாவின் பெயர் தாங்கியது அது. பிள்ளை இல்லாத அந்த மன்னனுக்கு அண்ணாமலையாரே குழந்தையாக வந்தார் என்கிறது தல வரலாறு. அதனால்தான் இன்றைக்கும் மாசி மகத்தன்று சுவாமி பள்ளிகொண்டாப்பட்டுக்கு எழுந்தருளி, கௌதம நதிக்கரையில் வல்லாளனுக்குத் திதி கொடுக்கிறார். உலகமே தந்தை என்று கும்பிடுகிற தெய்வம், பிள்ளையின் கடமையைச் செய்ய ஊர் தாண்டிப் போகிறது!

இரண்டாவது, பகவான் ரமணர். 1898-ல் தாயார் அழகம்மாள் தேடி வந்து அழைத்தபோதும் வீடு திரும்பாத துறவி அவர். ஆனால் 1914-ல் அம்மா இங்கே வந்த இடத்தில் காய்ச்சலில் விழுந்தபோது, கூடவே இருந்து பணிவிடை செய்தார். 1916-ல் அம்மா நிரந்தரமாகவே பிள்ளையிடம் வந்துவிட்டார். 1922 மே 19, அவருடைய கடைசி நாள். சுற்றிலும் அடியார்கள் இருந்தார்கள். வேதம் ஓதியவர்கள் ஒருபுறம், ராம நாமம் சொன்னவர்கள் ஒருபுறம். ஆனால், அம்மாவின் மார்பில் ஒரு கையும் தலையில் ஒரு கையும் வைத்து, சுமார் 12 மணி நேரம் அமர்ந்திருந்தது மகன்தான்.

உதவிக்கு மற்றவர்கள் இருக்கலாம். எந்த இடத்தில் நம் கை இருக்க வேண்டும் என்பதே கேள்வி.

அர்ச்சனைத் தட்டு சொல்லும் நியாயம்

கோயிலில் அர்ச்சனை செய்வது குருக்களின் கை. ஆனால் பெயர், நட்சத்திரம், கோத்திரம் நம்முடையது. சங்கல்பம் நம்முடையது. தட்சிணை கொடுத்ததால் நம் பக்தி பொய்யாகிவிடுவதில்லையே! மனம் எங்கோ இருந்தால்தான் அது வெறும் சீட்டு.

பணிவிடையும் அப்படித்தான். 'பெற்றவர்களைப் பார்ப்பது பிள்ளையின் கடமை' என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். முதுகு ஒடிவது பெரும்பாலும் மருமகளுக்கு. மூன்று ராத்திரி தூங்காதவளின் கை, நாலாம் நாள் கொஞ்சம் அழுத்தமாகத்தான் பிடிக்கும்; வாய் ஒரு சுடுசொல்லையும் சொல்லிவிடும். அதைவிட உதவிக்கு ஆள் வைத்துக்கொள்வது எவ்வளவோ மேல். அதில் பாவமில்லை. ஆள் வந்தாயிற்று என்று அந்த அறைப் பக்கமே போகாமல் இருப்பதுதான் பாவம்.

எச்சரிக்கை வேறு, சந்தேகம் வேறு

வருபவரின் ஆதார் அட்டை, முகவரி, முன்பு வேலை பார்த்த வீடு ஆகியவற்றைக் கேளுங்கள். அந்த வீட்டாரிடம் நேரிலோ போனிலோ பேசுங்கள். ஏஜென்ஸி மூலம் வந்தாலும் இதை விடாதீர்கள். காவல்துறை மூலமும் சரிபார்க்கலாம். முதல் சில நாட்கள் நீங்களும் கூடவே இருங்கள். நகையை, ஏ.டி.எம். கார்டை முதலிலேயே பத்திரப்படுத்துங்கள். அது அந்தப் பெண்ணுக்கும் பாதுகாப்பு; நாளைக்கு வீண்பழி வராது.

படுக்கையிலேயே இருப்பவர் என்றால், இரண்டு மணிக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். முதுகு, இடுப்பு, குதிகால் இவற்றில் தோல் சிவந்திருக்கிறதா என்று தினமும் நீங்களே பாருங்கள். படுக்கைப் புண் அங்கேதான் தொடங்கும். அந்தப் பெண் அருகில் இல்லாதபோது, 'உங்களை நன்றாகப் பார்த்துக்கொள்கிறாளா?' என்று அம்மாவிடம் மெதுவாகக் கேளுங்கள். 'வயசாச்சு, ஏதோ உளறுகிறார்' என்று தள்ளிவிடாதீர்கள்.

இது முதியோருக்குச் சட்டமும் துணை நிற்கிற காலம். பெற்றோர் பராமரிப்புச் சட்டம் 2007-ல் வந்தது. பிள்ளைகளிடம் ஜீவனாம்சம் கேட்டு, கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தை அணுகலாம். முதியோர் உதவிக்கு 14567 என்ற இலவச எண்ணும் இருக்கிறது. ஆனால், சட்டம் பணத்தைத்தான் வாங்கித் தரும். நெற்றியில் வைக்க ஒரு கையை வாங்கித் தராது.

நாம் நம்பிக்கையானவர்களா?

'நம்பிக்கையான ஆள் கிடைக்கவில்லையே' என்கிறோம். வருகிறவளுக்கு நம்பிக்கையான வீடு கிடைக்கிறதா?

அவள் வீட்டிலும் ஒரு தாய் இருப்பாள். தன் அம்மாவை யாரிடமோ ஒப்படைத்துவிட்டுத்தான் நம் அம்மாவைப் பார்க்க வருகிறாள். அவளுக்குத் தனித்தட்டும் ஆறிப்போன சோறும் வைத்துவிட்டு, அன்பை மட்டும் சூடாக எதிர்பார்க்கலாமா? சொன்ன தேதியில் சம்பளம், வாரம் ஒருநாள் லீவு, இரவில் கொஞ்சம் தூக்கம்... இவை தர்மம் செய்வதாகாது; அவளுக்குச் சேர வேண்டியவை. ஒரு பொருள் காணோம் என்றால் முதலில் வீட்டைத் தேடுங்கள், அப்புறம் பேசுங்கள். வார்த்தையால் வைத்த சூடு, பொருள் கிடைத்த பிறகும் ஆறாது.

சகோதரிகளே, எத்தனை வசதி செய்து வைத்தாலும் ஒரு வேலையை மட்டும் உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள். தலை வாரிவிடுவதோ, ராத்திரி காலைப் பிடித்துவிடுவதோ, ஏதாவது ஒன்று. மகனுக்கும் ஒரு வேலை கட்டாயம் இருக்கட்டும். கோயிலிலிருந்து திருநீறு கொண்டுவந்தால் அம்மாவின் நெற்றியில் உங்கள் கையால் இடுங்கள். அப்படியே, அந்தப் பெண்ணின் நெற்றிக்கும் ஒரு கீற்று.

அண்ணாமலையாருக்கு அரோகரா!